முகாம் கணக்கில் பிறக்காதவள்

ஜனவரி 9

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமா என்று கேட்டுவிட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். கேட்டுவிட்டேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, வயிறுதான் எரிகிறது.

கட்டட வேலைக்குப் போகிறேன் என்றாய். புதுச் செருப்பு வாங்கித் தரட்டுமா என்றதற்கு, வேண்டாம், அங்கே பூட்ஸ் கொடுப்பார்கள் என்றாய். செங்கல் தூக்குகிறவனுக்கு எவனடா பூட்ஸ் கொடுக்கிறான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. நேற்று ரொட்டி வண்டிக்காரர் தட்டுகளை இறக்கிக்கொண்டே சொல்கிறார்: "உங்க பையன் பட்டாளத்துல சேந்துட்டான் போலிருக்கேம்மா. பயிற்சி மைதானத்துல பார்த்தேன். நல்லா நிமிர்ந்து நிக்கிறான்."

என்னைவிடப் பன்னிரண்டு வயது பெரியவர் என்னை அம்மா என்கிறார், உன்னை என் பையன் என்கிறார். பதினாறு வருடமாக இந்தப் பொய்யை எதற்குச் சுமக்கிறேன் என்று உனக்கு மறந்துபோயிருக்கலாம். எல்லையில், பெற்றவர் இல்லாத பிள்ளைகளைத் தனியாகப் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உனக்கு ஐந்து வயது, எனக்குப் பதினேழு. அம்மாவின் அடையாள அட்டை என் இடுப்பில் இருந்தது. எடுத்து நீட்டினேன். பேர் எழுதிக்கொண்டிருந்தவன், தண்ணீரில் ஊறி மங்கிய படத்தையும் என் மூஞ்சியையும் மாறி மாறிப் பார்த்தான். பட்டினி கிடந்த மூஞ்சிக்கு வயது ஏது? 'தாய், மகன்' என்று எழுதிவிட்டான். அன்றிலிருந்து அம்மாவின் பெயர்தான் என் பெயர், அம்மாவின் வயதுதான் என் வயது. முப்பத்துமூன்று வயதில் ஐம்பத்திரண்டு வயதுக்காரியாக இருக்கிறேன். முகாம் தச்சர் ஒருமுறை என்னைப் பார்த்துச் சிரித்தார். பக்கத்து வரிசைக்காரிகள் 'இந்த வயசுல இதெல்லாம் தேவையா' என்றார்கள். எல்லாவற்றையும் முழுங்கினேன், உன்னை எவனும் தூக்கிக்கொண்டு போகக் கூடாது என்று.

நீயே போய் ஏறிக்கொண்டாய். எந்தப் பட்டாளத்துச் சட்டையைக் கண்டு ஓடி வந்தோமோ, அதே மாதிரிச் சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டாய்.

பதில் போடுவதானால் ரொட்டி வண்டிக்காரர் வீட்டு விலாசத்துக்குப் போடு. முகாம் ஆபீஸ் வழியாக வந்தால் பிரித்துப் படிப்பார்கள். குளித்தால் தலையைத் துவட்டு. உனக்குச் சளி பிடித்தால் லேசில் போகாது.

அக்கா

பிப்ரவரி 2

அக்காவுக்கு,

நான் நலம். சளி இல்லை. உன் வயிற்றெரிச்சல் கொஞ்சம் அடங்கியிருக்கும் என்று நினைத்து எழுதுகிறேன். அடங்கியிருக்காது என்றும் தெரியும்.

பொய் சொன்னது தப்புதான். உண்மையைச் சொல்லியிருந்தால் கதவுக்குக் குறுக்கே படுத்திருப்பாய். ஆள் எடுக்கும் அதிகாரி எங்களை வரிசையில் உட்காரவைத்துச் சொன்னார்: "ஒரு வருஷம் எல்லையில நில்லுங்க. அதுக்குள்ள காயம் பட்டாலும் சரி. உங்களுக்கும் உங்க குடும்பத்துக்கும் குடியுரிமை." குடும்பத்துக்கும் என்றதைக் கேட்டதும் எனக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை. அந்தத் தகரக் கொட்டகையில் நீ பழைய துணி பிரித்தது போதும். ஒரு அறை, ஒரு கதவு, உள்பக்கம் தாழ்ப்பாள். அதற்குத்தான் சேர்ந்தேன்.

உனக்கு ஒரு சந்தோஷச் செய்தி. படிவத்தில் எல்லாவற்றையும் உண்மையாக எழுதினேன். 'தாய்' என்ற இடத்தில் அம்மாவின் பெயரை எழுதி, பக்கத்தில் 'இறந்துவிட்டார்' என்று எழுதினேன். 'உடன்பிறந்தவர்' என்ற இடத்தில் உன் பெயர். உன்னுடைய சொந்தப் பெயர். எழுதும்போது கை கொஞ்சம் கோணியது. இத்தனை வருடம் எல்லார் முன்னாலும் உன்னை அம்மா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கு அலுத்துவிட்டது அக்கா. நீ வெளியே வரும்போது உன் பெயரோடு, உன் வயதோடு வா. தச்சர் இன்னும் அங்கேதானே இருக்கிறார்?

நேரத்துக்குச் சாப்பிடு. கோபத்தில் பட்டினி கிடக்காதே.

தம்பி

பிப்ரவரி 20

தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இரு. விஷயத்துக்கு வருகிறேன்.

மூளையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் படிவம் எழுதினாயா? பட்டாளத்து ஆபீசும் முகாம் ஆபீசும் ஒரே அரசாங்கம். நாளைக்கு ஒருவன் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பான். முகாமில் உனக்கு அக்காவே கிடையாது. அம்மா மட்டும்தான் உண்டு, அவளையும் நீ கொன்றுவிட்டாய். ராணுவக் கணக்கில் நான் செத்துவிட்டேன். முகாம் கணக்கில் நான் பிறக்கவே இல்லை. பிறகு எவளைக் குடும்பம் என்று கூட்டிக்கொண்டு போவாய்?

காயம் பட்டாலும் சரி என்று ஒருவன் உன் மூஞ்சிக்கு நேராகச் சொல்கிறான், நீயும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறாய்.

உடனே போய்த் திருத்து. அதற்கும் முன்னால் ஒன்று கேட்கிறேன். அம்மா இறந்துவிட்டாள் என்று உனக்கு யார் சொன்னது? நான் சொன்னேனா? என்றைக்காவது என் வாயால் சொன்னேனா?

இந்தத் தாளின் கீழ்ப் பாதியை நான்தான் கிழித்தேன். எழுதியது பிடிக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

ஏப்ரல் 14

அக்காவுக்கு,

நலம். இரண்டு மாதமாக எழுதாததற்குத் திட்டுவாய். திட்டு. இங்கே வாங்குவதைவிட உன் திட்டு எவ்வளவோ மேல்.

இப்போது எல்லையில் இருக்கிறேன். திருத்த முயன்றேன். பிரிவு எழுத்தரிடம் போய்க் கேட்டால், "மனுஷன் உசுரு போகுதா இருக்கான்னே தெரியல, இவருக்கு எழுத்தைத் திருத்தணுமாம்" என்று விரட்டினார். திருத்தினால் என்னவென்று திருத்துவது? அம்மா உயிரோடு இருக்கிறாள் என்றா? என் கை வராது. அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்பது எனக்குத் தெரியும். நீ சொல்லாவிட்டாலும், அந்தப் பேச்சை எடுத்தால் நீ எழுந்து போவதை வைத்தே எனக்குத் தெரியும்.

எங்கள் பிரிவுக்கு ஒரு எண் இருக்கிறது. யாரும் சொல்வதில்லை. 'முகாம்' என்பார்கள். என்னையும் "டேய் முகாம், இங்க வா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். கண்ணிவெடி இருக்கலாம் என்று சந்தேகப்படும் பாதையில் எங்களைத்தான் முதலில் நடக்கவிடுகிறார்கள். மற்றவர்கள் எங்கள் தடத்தில் கால் வைத்து வருகிறார்கள். ஏன் எப்போதும் நாங்களே என்று ஒருநாள் கேட்டேன். "உங்களுக்குத்தான் நடந்து பழக்கமாச்சே" என்றார் எங்கள் தலைவர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் அக்கா. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

சிரிக்காத ஆள் ஒருவர்தான், சமையல்காரர். தடியர். மூச்சு வாங்கிக்கொண்டு நடப்பார். என் தட்டில் இரண்டாவது கரண்டி போட்டுவிட்டு, கேட்பதற்குள் "போடா போடா" என்று விரட்டுவார்.

உன் இருமல் எப்படி இருக்கிறது? துணித் தூசிக்கு முகத்தில் ஏதாவது கட்டிக்கொள்.

தம்பி

ஜூன் 23

தம்பிக்கு,

நான் நலம். நீ நலமா? சும்மா சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை. பத்து வாரமாகிறது, ஒரு வரி இல்லை. ரொட்டி வண்டி வாசலுக்கு வந்ததும், நான் எதுவும் கேட்பதற்கு முன்பே அவர் இல்லை என்று தலையை ஆட்டிவிடுகிறார்.

போன வாரம் கொட்டகைக்கு வந்த துணி மூட்டைகளில் இரண்டு மூட்டை முழுக்கப் பட்டாளத்துச் சட்டை. வெளுத்து, மடித்து, நமக்குத் தானம் செய்திருக்கிறார்கள். பொத்தானை அறுத்துத் தனியாகப் போடு, துணியைத் தனியாகப் போடு என்று உத்தரவு. ஒரு சட்டையில் இடது விலாப் பக்கம் ஓட்டை இருந்தது. அதை யாரோ அழகாகத் தைத்து அனுப்பியிருக்கிறார்கள். தையல் பிசிறில்லை. யார் பெற்ற பிள்ளையோ, அவனைத் தைக்க முடியாமல் சட்டையைத் தைத்திருக்கிறார்கள். தோளை விரித்து என் கையால் அளந்தேன். உன் தோளைவிட நான்கு விரல் அகலம். அப்பாடா என்று உட்கார்ந்தேன். எவனோ ஒருவன் செத்ததற்கு அப்பாடா என்று சொல்ல வைத்துவிட்டாய் என்னை. இதற்காகவே உன்னை நேரில் பார்த்தால் அறைவேன்.

பிரித்த நூலில் ஒரு ஜோடி காலுறை பின்னி இதோடு வைத்திருக்கிறேன். ஒன்று சிவப்பாகவும் ஒன்று பழுப்பாகவும் இருக்கும். பூட்ஸுக்குள் எவன் பார்க்கப் போகிறான்?

இங்கே புதிதாக ஒன்றுமில்லை. ஆபீஸ் சுவரில் ஏதோ அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள், எப்போதும் ஒட்டுவதுதான்.

ஒரே ஒரு வரி போடு. உயிரோடு இருக்கிறேன் என்று.

அக்கா

ஆகஸ்ட் 11

அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். நலம். நீ?

காலுறை கிடைத்தது. நன்றாக இருக்கிறது. காலில் லேசான அடி, கட்டுப் போட்டிருக்கிறார்கள். அதனால் ஒரு வருடம் முடியாமலே என்னை அனுப்பிவிட்டார்கள். குடியுரிமைத் தாளும் கைக்கு வந்துவிட்டது. இனி உன் தாள்தான் பாக்கி. நான் பார்த்துக்கொள்கிறேன். நீ கவலைப்படாதே.

ஆஸ்பத்திரியில் நல்ல சாப்பாடு போடுகிறார்கள்.

தம்பி

செப்டம்பர் 3

தம்பிக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. அதை ரொட்டி வண்டிக்காரர் எனக்காக உன்னிடம் நேரில் வந்து விசாரித்துவிட்டார்.

நான்தான் அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். உன் கடிதம் அவ்வளவு சின்னதாக இருந்தது. வாயாடி ஒருவன் ஆறு வரியில் கடிதத்தை முடித்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று உன்னை வளர்த்தவளுக்குத் தெரியாதா? அவர் திரும்பி வந்து வண்டியை நிறுத்தினார், இறங்கவில்லை. "என்னத்தைச் சொல்றதும்மா" என்று ஆரம்பித்து ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார். நான் அழவில்லை. அன்று முழுக்க என் வரிசைக்காரிகள் யாரும் என் பக்கத்தில் வரவில்லை, அப்படி இருந்ததாம் என் முகம்.

லேசான அடி! முழங்காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லாததற்குப் பெயர் லேசான அடியா? 'காலுறை நன்றாக இருக்கிறது' என்று வேறு எழுதுகிறாய். எந்தக் காலுக்குப் போட்டுப் பார்த்தாய், சிவப்புக்கா, பழுப்புக்கா?

எல்லாரும் பின்வாங்கிய பிறகு நீ மட்டும் யாரையோ தூக்குவதற்குத் திரும்பிப் போனாயாம். ஏன் போனாய்? நடக்க முடியாதவர்களை விட்டுவிட்டு வருவதுதான் உலகம். எத்தனை பேர் அப்படி வந்திருக்கிறார்கள் தெரியுமா? அவர்கள் எல்லாரும் மனிதர்கள் இல்லையா? நீ மட்டும் என்ன பெரிய உத்தமன்?

கிழிக்காமல் அனுப்புகிறேன். புண்ணில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்.

அக்கா

அக்டோபர் 19

அக்காவுக்கு,

புண் ஆறிவிட்டது. நீ நலமா என்று கேட்பேன், நலம் என்பாய். நான் மறைத்ததற்குக் குதித்தாயே, நீ மறைத்ததை எந்தக் கணக்கில் சேர்ப்பது? சுவரில் ஒட்டியது ஏதோ அறிவிப்பா? மார்ச் மாதத்தோடு முகாமை மூடுகிறார்கள், வெளியே குடும்பம் இல்லாதவர்களை எல்லைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுகிறார்கள் என்று ரொட்டி வண்டிக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? எந்தப் பக்கத்திலிருந்து ஓடி வந்தோமோ அந்தப் பக்கம்.

யாரைத் தூக்கப் போனேன் என்று கேட்டாய். சமையல்காரரை. இடுப்பில் அடி, எழுந்திருக்க முடியவில்லை. "விட்டுட்டு வாடா, உத்தரவு" என்று தலைவர் கத்தினார். தூரத்தில் சமையல்காரர் உட்கார்ந்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார் அக்கா. கூப்பிடவில்லை, சும்மா பார்த்தார். பின்வாங்க எனக்குக் கால் நகரவில்லை. போய்த் தூக்கிக்கொண்டு பாதி தூரம் வந்துவிட்டேன், அங்கே கண்ணிவெடி. அவர் பிழைத்தார். என் கால் ஒன்று அங்கேயே நின்றுவிட்டது. உத்தரவை மீறியவன் என்று பதக்கம் கிடையாது. பதக்கம் எவனுக்கு வேண்டும்?

இப்போது ஒரு மாடி அறையில் இருக்கிறேன். இருபத்திரண்டு படி. ஒவ்வொன்றையும் எண்ணித் திட்டிக்கொண்டே ஏறுகிறேன். மரக்கால் கொடுத்திருக்கிறார்கள், யாருக்கோ அளவெடுத்தது. ஏழு இடத்தில் வேலை கேட்டேன். ஒருவன், "பட்டாளத்துக்காரனை அரசாங்கம் பார்த்துக்கும், இங்க எதுக்கு வந்தே" என்றான். அடுத்தவன், "நீ முகாம்ல இருந்தவன்தானே, உனக்கெல்லாம் எப்படி வேலை குடுக்கிறது" என்றான். பஸ்ஸில் பட்டாளத்துச் சட்டையோடு ஏறினால் எழுந்து இடம் தருகிறார்கள். சாதாரணச் சட்டையோடு ஏறி வாயைத் திறந்தால், உங்க ஊருக்குப் போக வேண்டியதுதானே என்கிறார்கள். கடைசியில் ஒரு டயர் கடைக்காரி சேர்த்துக்கொண்டாள். "பஞ்சர் ஒட்டக் கால் எதுக்கு, உக்காரு" என்றாள். அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு.

இனி உன் விஷயம். நீ சொன்னதுதான் நடந்தது. குடியுரிமை ஆபீசில் கண்ணாடி போட்ட ஒரு ஆள் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "உங்க தாய் இறந்துட்டாங்கன்னு இதுல இருக்கு. அவங்க முகாம்ல உயிரோட இருக்காங்கன்னு அதுல இருக்கு. நீங்க சொல்ற அக்கா எதுலயுமே இல்ல. யார் பொய் சொல்றது, நீங்களா அவங்களா?" என்றார். கெட்ட ஆள் இல்லை. குரலைத் தாழ்த்தி வழியும் சொன்னார். 'இறந்துவிட்டார்' என்ற சொல்லை அடித்து, 'தவறுதலாக எழுதினேன், தாய் உயிரோடு முகாமில் இருக்கிறார்' என்று கையெழுத்துப் போட்டால் உனக்குத் தாள் கிடைக்கும். உண்மையைச் சொன்னால், பொய்ப் பதிவு என்று முதல் வண்டியிலேயே உன்னை ஏற்றிவிடுவார்கள். எப்படிப் பார்த்தாலும் அக்கா என்று ஒருத்தி இல்லை. அக்காவும் குடும்பத்தில் சேர்த்தி இல்லையாம், சட்டத்தில்.

நான் கையெழுத்துப் போடவில்லை. மேலதிகாரியைப் பார்க்கப் போகிறேன். இவர்களுக்காக ஒரு காலைக் கொடுத்திருக்கிறேன். என் அக்காவை அக்கா என்று சொல்ல இவர்கள் உத்தரவு எனக்கு வேண்டாம். செத்துப்போன அம்மாவை எழுப்பி உட்காரவைத்து, உயிரோடு இருக்கிற உன் பெயரை நான் அழிக்க மாட்டேன்.

இருமலுக்கு மருந்து வாங்கி ரொட்டி வண்டியில் அனுப்பியிருக்கிறேன். குடி.

தம்பி

நவம்பர் 5

தம்பிக்கு,

மருந்து குடித்தேன். கசப்பு. நலம்.

சமையல்காரர் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை மூன்று நாள் திரும்பத் திரும்பப் படித்தேன். இனி நான் எழுதப்போவதை, போன பிப்ரவரியில் கிழித்தேனே, அதே பாதித் தாள் என்று வைத்துக்கொள்.

அம்மா செத்ததை நான் பார்க்கவில்லை.

அவள் கால் வீங்கி நான்காவது நாள். உன்னை நான் தூக்கியிருந்தேன், அவளையும் உன்னையும் சேர்த்துத் தாங்க எனக்குத் தெம்பில்லை. ரோட்டோரத்தில் ஒரு பாலத்துச் சுவர் இருந்தது. அதில் சாய்ந்து உட்கார்ந்தாள். இடுப்பிலிருந்து அட்டையை எடுத்து என்னிடம் கொடுத்தாள். "இதை வச்சுக்க. நீங்க முன்னாடி நடங்க, நான் மெல்ல வர்றேன்" என்றாள். வரமாட்டாள் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ "அம்மா எங்க" என்றாய். பின்னால வர்றாங்க என்றேன். எனக்குத் தெரிந்து நான் சொன்ன முதல் பெரிய பொய் அது.

கொஞ்ச தூரம் போனதும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். ஒரே ஒரு தடவை. பயந்து கூப்பிட்டாளா, பத்திரம் என்று சொல்லக் கூப்பிட்டாளா, மனசு மாறிவிட்டதா, எதுவும் எனக்குத் தெரியாது. நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அதற்குமேல் ஒரு அடி எடுத்து வைத்திருக்க மாட்டேன். அதன் பிறகு அந்தப் பெயரால் என்னை யாரும் கூப்பிட்டதில்லை.

நீ திரும்பிப் போய்த் தூக்கினாய். நான் போகவில்லை. உன்னை உத்தமன் என்று திட்டினேனே, அது உன்னைத் திட்டியது இல்லை.

பதினாறு வருடமாக நான் சொல்லாத ஒரு சொல்லை நீ ஒரு படிவத்தில் மூன்று வினாடியில் எழுதிவிட்டாய். அதுதான் எனக்கு அவ்வளவு கோபம். உயிரோடு இருக்கிறாள் என்று எழுதினால் பொய் என்கிறாய். இறந்துவிட்டாள் என்பதற்கு உன்னிடம் என்ன சாட்சி இருக்கிறது? அவளை விட்டு வந்தவளே நான்தான், என்னிடமே இல்லை. அடித்துவிட்டு எழுது. மேலதிகாரி, நியாயம், வீறாப்பு எல்லாவற்றையும் மூட்டை கட்டி வை. மார்ச்சுக்கு நான்கு மாதம்கூட இல்லை. அந்தப் பாலத்துப் பக்கம் என்னைத் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிடாதே.

என்மேல் கோபம் என்றால் கோபப்படு. சாப்பாட்டில் காட்டாதே.

அக்கா

ஜனவரி 21

அக்காவுக்கு,

நலமா? நான் நலம் என்று இன்றைக்குத்தான் எழுத முடிகிறது.

பதினொரு வாரம் உனக்கு எழுதவில்லை. மறைக்கப் போவதில்லை, உன்மேல் கொலைக் கோபம். பின்னால வர்றாங்க என்று நீ சொன்னதை நம்பி எத்தனை வருடம் வேலிப் பக்கம் போய் நின்றிருக்கிறேன்! நான் அங்கே நிற்பதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போவாயே. சொல்லியிருக்கலாம். நான் அதைத் தாங்க முடியாதவன் என்றே நினைத்துவிட்டாய். உன் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். கடைக்காரி எடுத்து நீவி, டயர் அடுக்கில் செருகி வைத்தாள். படிக்கவில்லை. "கோபம் தீந்ததும் எடுத்துக்க" என்றாள்.

தீரவில்லை. ஆனால் கோபம் இடம் மாறியது. பதினேழு வயதுப் பெண்ணை ஒரு பாலத்தில் நிறுத்தி, இவனா அவளா என்று கேட்டவர்கள் யார்? நீயா கேட்டாய்? போர் நடத்தியவர்கள் அங்கே. பிள்ளைகளைப் பிரித்து லாரியில் ஏற்றியவர்கள் இங்கே. இவர்களுக்குத்தான் நான் கால் கொடுத்திருக்கிறேன். மேலதிகாரி என்னைப் பார்க்கவில்லை. அவர் அறை வாசலில் மூன்று நாள் நின்றேன். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. நான்காவது நாள் மரக்காலைக் கழற்றி அவர் மேஜைமேல் வைக்கலாமா என்று யோசித்தேன். பிறகு உன் மார்ச் மாதம் ஞாபகம் வந்தது. கண்ணாடிக்காரரிடமே போனேன்.

அடித்துவிட்டேன். 'தாய் உயிரோடு இருக்கிறார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை கை கோணவில்லை. உனக்குத் தாள் வந்துவிட்டது, ரொட்டி வண்டியில் அனுப்புகிறேன். ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு ஜனவரியும் நீ ஆபீசுக்கு நேரில் வந்து, 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று அம்மாவின் பெயரில் கையெழுத்துப் போட வேண்டும்.

பிப்ரவரி கடைசி நாள், முகாம் வாசலுக்கு நானே வருகிறேன். காவலன் முன்னால் உன்னை அம்மா என்றுதான் கூப்பிடுவேன். கேட்டைத் தாண்டி, ரொட்டி வண்டி நிற்கும் இடம்வரை நட. அங்கே பின்னாலிருந்து உன்னை உன் பெயர் சொல்லிக் கூப்பிடப்போகிறேன். அக்காவைத் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிடுவது மரியாதை இல்லைதான். ஒரே ஒரு தடவை.

குளிருக்குப் போர்த்திக்கொண்டு வா.

தம்பி

பிப்ரவரி 12

தம்பிக்கு,

நலம். தாள் கிடைத்தது. தலையணை உறைக்குள் வைத்துத் தைத்துவிட்டேன்.

நேற்று முதல் வண்டி கிளம்பியது. என் வரிசையில் மட்டும் நான்கு பேர். என்னோடு பத்து வருடம் துணி பிரித்தவள் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள். அவளுக்குக் கால் கொடுக்க ஒரு தம்பி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இந்தத் தாளை வைத்துக்கொண்டு அவளுக்குக் கை ஆட்ட எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஆட்டினேன். அவள் மறையும்வரை முகத்தைத் திருப்பவில்லை. அதையாவது செய்யலாம் என்று தோன்றியது.

வருடா வருடம் கையெழுத்தா? போடுகிறேன். அம்மா உயிரோடு இருக்கிறாள் என்று அவர்கள் மேஜையில், அவர்கள் பேனாவில், நானே எழுதித் தருகிறேன். நான் சாகும்வரை அவளை எவனும் செத்தவள் என்று எழுத முடியாது. இந்த அரசாங்கத்திடமிருந்து நமக்குக் கிடைத்த நியாயம் இவ்வளவுதான், இதையும் அவர்கள் தெரியாமல்தான் கொடுத்திருக்கிறார்கள்.

தச்சர் பெட்டி ஒன்று செய்து கொடுத்தார். விலாசம் கேட்டார். கொடுத்தேன். நீ வாயை மூடிக்கொண்டிரு.

என்மேல் உள்ள கோபத்தை இருபத்திரண்டு படிக்கும் மேலே அந்த அறையில் வைத்துக்கொள்வோம். தாழ்ப்பாள் இருக்கிறதல்லவா, உட்கார்ந்து சண்டை போடலாம். எனக்கும் உன்மேல் பாக்கி நிறைய இருக்கிறது.

பெயர் சொல்லிக் கூப்பிடுவாயாம், பெரிய மனுஷன். சரி, கூப்பிடு. சத்தமாகக் கூப்பிடு. முதல் தடவை நான் திரும்பாமல் நடந்துகொண்டே இருந்தால் பயந்துவிடாதே. பழக்கம் அப்படி. அங்கேயே நின்று இரண்டாவது தடவையும் கூப்பிடு.

அக்கா